கூலன்ட் குறையுது, ஆனா எங்கயும் ஒழுகல: எஞ்சினுக்குள்ள தண்ணி போறத கண்டுபிடிக்க நான் பட்ட பாடு

ஏழெட்டு வருஷம் ஓடின பெட்ரோல் கார் வச்சிருக்கவங்க இத ஒருதடவ முழுசா படிச்சிடுங்க. கூலன்ட் டேங்க்ல அளவு குறைஞ்சுகிட்டே போகுது, ஆனா வண்டிக்கு அடியில ஒரு சொட்டு ஈரம் இல்ல, ரேடியேட்டர் காஞ்சு கெடக்கு, ஹோஸ் எதுவும் கசியல, உள்ள கால் வைக்கிற எடத்துல மேட்டும் நனையல, அப்படி இருந்தா "வெயிலுக்கு ஆவியாகியிருக்கும்"னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. இப்ப வர்ற காருல கூலிங் சிஸ்டம் மூடி போட்ட பிரஷர் சிஸ்டம், மாசத்துக்கு அரை லிட்டர் ஆவியாகி போறதுக்கு அதுல வழியே இல்ல. அது சிலிண்டருக்குள்ள இறங்கி எரிஞ்சு சைலன்சர் வழியா போகுதான்னு தான் முதல்ல சந்தேகப்படணும். இத ஆரம்பத்துலயே யாராவது எங்கிட்ட சொல்லியிருந்தா 20,000 ரூபாய்க்கு மேல மிச்சமாகியிருக்கும், அம்மாவ வச்சுகிட்டு ஹைவேல நின்ன அந்த மத்தியானமும் இருந்திருக்காது.

நான் இருக்கிறது பெங்களூர், அம்மா இருக்கிறது தர்மபுரி. வீட்டுக்காரர் வேலை வெளிநாட்டுல, அதனால காரு சம்பந்தமா எதுன்னாலும் நான்தான் பாக்கணும். ஓசூர் ரோடு புடிச்சு அத்திப்பள்ளி, ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரின்னு அந்த ரூட்ல அடிக்கடி போய்ட்டு வர்ற வண்டி, அதனால கிளம்பறதுக்கு முந்தி பானட்ட தூக்கி ஆயில், கூலன்ட் பாக்கிறது எனக்கு பழக்கம். அப்படி பாக்கும்போதுதான் டேங்க்ல லெவல் கீழ் கோட்டுக்கும் கீழ போயிருந்துச்சு. வழக்கமா விடுற வொர்க்ஷாப்புல சொன்னேன். அங்க இருந்த சர்வீஸ் அட்வைசர் "ஏனூ ஆகல்லா மேடம், டாப் அப் மாடி ஓடிசி"னு (ஒண்ணும் ஆகாது, டாப் அப் பண்ணி ஓட்டுங்கன்னு) கன்னடத்துல சொல்லி ஊத்தி அனுப்பிட்டாரு. சில வாரத்துல திரும்ப அதே கோட்டுக்கு கீழ. இந்த தடவ ரேடியேட்டர் மூடிய மாத்தினாங்க, 500 ரூபாய். அத நான் தப்பு சொல்ல மாட்டேன், மூடியோட ஸ்பிரிங் வீக்கா இருந்தா பிரஷர் நிக்காம கூலன்ட் வெளிய தள்ளும், விலையும் கம்மி, அதனால முதல்ல அத மாத்தி பாக்கிறது நியாயம்தான். ஆனா அதுக்கப்புறம் நடந்தது எதுவும் நியாயமில்ல.

அடுத்து வாட்டர் பம்ப், வேலைக்கூலியோட 6,200. வாட்டர் பம்ப் கசிஞ்சா அதுல கீழ ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது வழியா கூலன்ட் வடிஞ்சு காஞ்சு வெள்ளையாவோ பச்சையாவோ சிவப்பாவோ ஒரு தடம் விட்டிருக்கும். கழட்டின என் பழைய பம்ப்ல அப்படி ஒரு தடமும் இல்ல, கையில வாங்கி பாத்தேன், சுத்தமா இருந்துச்சு. அதுக்கும் நிக்கலன்னு ரேடியேட்டரையே மாத்துனாங்க, 9,500. ஒவ்வொரு தடவையும் "இதுதான் மேடம் ப்ராப்ளம், இனிமே வராது"ன்னாங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே எரிச்சல், ஆனா எதுத்து கேக்குறதுக்கு எங்கிட்ட என்ன ஆதாரம் இருக்கு, நான் ஒண்ணும் மெக்கானிக் இல்லயே. இங்க ஒண்ணு சொல்லிக்கிறேன், எந்த பார்ட்ட மாத்தணும்னு சொன்னாலும் "எந்த டெஸ்ட்டுல இது தெரிஞ்சுச்சு, அத எனக்கு காட்டுங்க"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அதுக்கு எஞ்சின் அறிவு தேவையில்ல. கசியுதுன்னா கசியற எடத்த காட்டட்டும். காட்ட முடியலன்னா அவங்களுக்கும் தெரியலன்னு அர்த்தம்.

அப்புறம் டிசம்பர் வந்துச்சு. காலைல வண்டிய எடுத்தா எஞ்சின் ஒதறும், மிஸ்ஸிங் அடிக்கும், செக் எஞ்சின் லைட் கண் சிமிட்டும், ஒரு நிமிஷத்துல எல்லாம் சரியாயிடும். அப்புறம் நாள் பூரா ஒண்ணும் தெரியாது. ஸ்கேனர் போட்டதுல பி0303னு எரர் கோடு (கோளாறு நம்பர்) வந்துச்சு, அதாவது மூணாவது சிலிண்டர்ல மிஸ்ஃபயர், அது சரியா எரியல. உடனே நாலு பிளக்கும், பிளக்குக்கு கரண்ட் குடுக்கிற காயில் ஒண்ணும் மாத்தி 5,400 வாங்கினாங்க. காயில்தான் போச்சான்னு தெரிஞ்சுக்க காசே செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு: மூணாவது காயில தூக்கி ஒண்ணாவதுல மாட்டி ஓட்டி பாக்கணும். கோடு 0301னு மாறினா காயில் கோளாறு, 0303லயே நின்னா காயில் மேல தப்பில்ல. பிளக்குக்கும் அதே முறைதான். பத்து நிமிஷ வேலை, யாரும் செய்யல. அதவிட மனசு வலிக்கிற விஷயம், பிளக்க கழட்டின பையன் "மூணாவது மட்டும் புதுசு மாதிரி வெள்ளையா இருக்கு"ன்னு என் காது படவே சொன்னான். மத்த மூணும் பழுப்பா இருக்க அது ஒண்ணு மட்டும் கழுவி வச்ச மாதிரி இருக்குன்னா அந்த சிலிண்டருக்குள்ள தண்ணி போய் ஆவியாகி ஆவியாகி கரிய கழுவிவிட்டிருக்குன்னு அர்த்தம். பதில் அங்கயே அவன் கையில இருந்துச்சு, பெரியவங்க யாரும் காதுல வாங்கல.

ஏன் காலைல மட்டும் ஒதறுது, ஏன் வொர்க்ஷாப்புக்கு கொண்டு போனா ஒழுங்கா ஓடுது, இத புரிஞ்சுக்கிட்டா பாதி கண்டுபிடிச்ச மாதிரி. நாம வண்டிய ஓட்டிட்டு வந்து நிறுத்தும்போது கூலன்ட் சூடா, பிரஷரோட இருக்கு. எஞ்சின் நின்னதும் சிலிண்டருக்குள்ள எதுத்து தள்ள ஒண்ணும் இல்ல, அதனால ஹெட் கேஸ்கெட்ல (எஞ்சின் பிளாக்குக்கும் அது மேல உக்கார்ற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற சீல்) முடி அளவு சந்து இருந்தாலும் அது வழியா கூலன்ட் மெல்ல உள்ள இறங்கி பிஸ்டன் தலைமேல தேங்கி நிக்கும். ராத்திரி பூரா அப்படியே நின்னு, காலைல செல்ஃப் அடிச்சதும் பிளக் நனைஞ்சு அந்த சிலிண்டர் அடிக்காது. கொஞ்ச நேரத்துல அந்த ஈரம் ஆவியாகி போயிடும், உலோகம் சூடாகி விரிஞ்சு சந்தும் இறுகிடும், எஞ்சின் நல்லா ஓடும். நான் பதினொரு மணிக்கு வண்டிய கொண்டு போய் விட்டா அங்க எல்லாமே நார்மல். அதனால இந்த மாதிரி சந்தேகம் இருந்தா முந்தின நாள் சாயந்தரமே வண்டிய சூடா ஓட்டிட்டு போய் அங்கயே விட்டுட்டு, "காலைல நான் வர்ற வரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ணக்கூடாது"ன்னு எழுதியே ஒட்டிட்டு வாங்க.

புகை விஷயத்துலயும் என்னை நல்லா குழப்பினாங்க. பெங்களூர் டிசம்பர் குளிர்ல எல்லா காருலயும்தான் காலைல வெள்ளையா ஆவி வரும், அது சைலன்சர்ல தங்கின ஈரம், கொஞ்ச தூரம் ஓட்டினா நின்னுடும், வெளிய வந்ததும் காத்துல கரைஞ்சிடும். கூலன்ட் எரியற புகை வேற. அது கெட்டியா இருக்கும், சட்டுனு கரையாம பார்க்கிங்ல தொங்கும், லேசா ஒரு இனிப்பு வாடை அடிக்கும். அது எதிலீன் கிளைக்கால் வாடை, விஷம், அதனால கிட்ட போய் மோந்து பாக்காதீங்க, தள்ளி நின்னாலே தெரியும். எங்க அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல பக்கத்து வண்டிக்காரர் "என்ன மேடம் உங்க வண்டில பாகு காய்ச்சற வாசன"ன்னு கேட்டப்பதான் எனக்கே உறைச்சது. வீட்டுலயே செய்ய இன்னொரு சோதனை: காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முந்தி ரேடியேட்டருக்கு மேல போற தடிச்ச ஹோஸ கையால அமுக்கி பாருங்க. ராத்திரி பூரா ஆறின வண்டில அது மெத்துனு இருக்கணும். ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷத்துக்குள்ளயே அது கல்லு மாதிரி இறுகினா, கூலன்ட் இன்னும் சூடே ஆகாதப்ப அந்த பிரஷர் எங்கிருந்து வந்துச்சு? சிலிண்டர்ல எரியற வாயு கூலன்ட் பக்கம் நுழையுது. டேங்க்ல விடாம குமிழி வந்தாலும் அதே கதைதான். ஆயில் மூடிக்கு அடியில வெண்ணெய் மாதிரி படிஞ்சிருக்கான்னு எல்லாரும் சொல்வாங்க, அத மட்டும் நம்பி முடிவு பண்ணாதீங்க. கிட்டத்துலயே ஓடற வண்டில குளிர் காலத்துல சும்மாவே அப்படி படியும், என் வண்டில கூலன்ட் சிலிண்டருக்கு போயும் ஆயில் கடைசி வரைக்கும் சுத்தமாத்தான் இருந்துச்சு.

இன்னொரு கடைல நீல தண்ணி டெஸ்ட் பண்ணாங்க. ஒரு கண்ணாடி குழாய்ல நீல கலர் திரவம் ஊத்தி ரேடியேட்டர் வாய்ல வச்சு உள்ள இருக்கிற காத்த உறிஞ்சுவாங்க, எஞ்சின் புகையில இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடு அதுல பட்டா பெட்ரோல் வண்டிக்கு நீலம் மஞ்சளா மாறும். எனக்கு மாறல. "ஹெட் கேஸ்கெட் நல்லா இருக்கு மேடம்"னு அனுப்பிட்டாங்க, நானும் அன்னிக்கு நிம்மதியா தூங்கினேன். அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, எஞ்சின் நல்லா சூடாகி தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட்ட ரேடியேட்டருக்கு விடற வால்வு) திறந்த பிறகு, ஆக்சிலேட்டர் கொஞ்சம் கொடுத்து பண்ண வேண்டிய டெஸ்ட் அது, அவங்க ஸ்டார்ட் பண்ணின கையோட பண்ணாங்க. ஒழுங்கா பண்ணினாலும் சந்து ரொம்ப சின்னதா இருந்து கூலன்ட் உள்ள போறது மட்டும் நடந்து வாயு வெளிய வராம இருந்தா கலர் மாறாது. மஞ்சளானா நிச்சயம் கோளாறு, மாறலன்னா கோளாறு இல்லன்னு அர்த்தம் கிடையாது. இந்த ஒரு வரிய ஞாபகம் வச்சுக்கோங்க.

அம்மாவுக்கு கண் டாக்டர பாக்கணும்னு தர்மபுரில இருந்து கூட்டிட்டு வந்தப்பதான் நடந்துச்சு. அத்திப்பள்ளி தாண்டி சந்தாபுரா டிராஃபிக்ல ஊர்ந்துகிட்டு இருக்கும்போது டெம்பரேச்சர் முள்ளு விறுவிறுன்னு மேல ஏறுச்சு. ஏசிய நிறுத்தி, கண்ணாடிய இறக்கி, ஹீட்டர ஃபுல்லா வச்சேன் (ஹீட்டர் எஞ்சின் சூட்ட கேபினுக்குள்ள இழுக்கும், அந்த ரெண்டு நிமிஷம் கெடைக்கும்), இடது பக்கம் ஓரங்கட்டி எஞ்சின ஆஃப் பண்ணேன். கை நடுங்குது. பக்கத்துல வந்து நின்ன ஒரு லாரிக்காரர் நல்ல மனசோட தண்ணி கேன எடுத்துட்டு வந்து மூடிய தொறங்க ஊத்தலாம்னாரு. அம்மா என் கைய புடிச்சுகிட்டு "வேணாம் பாப்பா, சூட்டுல மூஞ்சில தெறிக்கும்"ன்னாங்க. அம்மா சொன்னது முழுக்க சரி, மூடிக்குள்ள பிரஷர்ல இருக்கிற கூலன்ட் நூறு டிகிரிக்கு மேல இருக்கும், தொறந்த நொடி கொதிச்சு பீறிடும், அதுமட்டுமில்லாம கொதிக்கிற எஞ்சின்ல பச்சத்தண்ணி ஊத்தினா ஹெட் விரிசல் விட வாய்ப்பிருக்கு. இன்னொன்னு, முள்ளு இறங்கிடுச்சேன்னு ஓட்டாதீங்க. கூலன்ட் ரொம்ப குறைஞ்சு சென்சார் தண்ணிக்கு வெளிய நின்னுட்டா அது சூட்டையே சரியா காட்டாது. வண்டிய எடுக்காம டோ பண்ணினேன், 3,500. வெயில்ல ஹைவே ஓரத்துல அம்மா முந்தானையால மூஞ்ச துடைச்சுகிட்டு உக்காந்திருந்தப்ப எனக்கு அழுகை வந்துச்சு, கோவமும் வந்துச்சு. இவ்வளவு செலவு பண்ணியும் இப்படி நிக்க வச்சாங்களேன்னு.

டோ வண்டிய வில்சன் கார்டன்ல ஒரு சின்ன ஷெட்டுக்கு விடச் சொன்னேன், ஆபீஸ்ல ஒருத்தங்க சொன்ன எடம். அங்க இருக்கிற அண்ணா ஆம்பூர் பக்கம், முப்பது வருஷமா இங்க எஞ்சின் வேலை. கதைய பூரா கேட்டுட்டு "நான் எதையும் கழட்ட மாட்டேம்மா, முதல்ல எங்க போகுதுன்னு பாக்கலாம், டெஸ்ட்டுக்கு மட்டும் 1,500 குடுங்க"ன்னாரு. அன்னிக்கு சாயந்தரம் எஞ்சின் ஆறினதும் ரேடியேட்டர் வாய்ல ஒரு கைப்பம்ப மாட்டி மூடில 1.1னு (பார் கணக்குல பிரஷர்) போட்டிருந்த அதே அளவுக்கு காத்து அடிச்சாரு. மூடில போட்டிருக்கிற அளவுக்கு மேல அடிக்கக்கூடாது, நல்லா இருக்கிற ஹோஸும் போயிடும். அப்படியே ராத்திரி விட்டாரு. காலைல நான் போனப்ப பம்ப் முள்ளு பாதிக்கு கீழ, வண்டிக்கு அடியில விரிச்ச அட்டையில ஒரு சொட்டு இல்ல. நாலு பிளக்கையும் கழட்டி, பெட்ரோலும் கரண்ட்டும் போகாம ஃபியூஸ எடுத்துட்டு, பிளக் ஓட்டைக்கு நேரா யாரும் நிக்காதீங்கன்னு தள்ளி விட்டுட்டு செல்ஃப் அடிச்சாரு. மூணாவது ஓட்டைல இருந்து பச்சையா ஒரு சாரல் பானட் வரைக்கும் அடிச்சுச்சு. நான் அப்படியே நின்னுட்டேன். அத்தன நாளா எல்லாரும் இல்லன்னு சாதிச்சது என் கண்ணு முன்னாடி தெறிக்குது.

பிளக்க கழட்டாம செல்ஃப் அடிக்காததுக்கு காரணமும் சொன்னாரு. தண்ணி அமுங்காது. சிலிண்டர் நிறைய தேங்கியிருக்கும்போது செல்ஃப் அடிச்சா பிஸ்டன் மேல வந்து தண்ணில முட்டி கனெக்டிங் ராடு வளைஞ்சிடும், அப்புறம் எஞ்சினே போச்சு. அதனால காலைல சாவி திருப்பினதும் "டக்"னு ஒரு சத்தத்தோட எஞ்சின் சுத்தாம நின்னா, பேட்டரி வீக்குன்னு நெனச்சு திரும்ப திரும்ப அடிக்காதீங்க, தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் கூடாது.

அதோட விடல அவரு. பிளக் ஓட்டை வழியா சின்ன கேமராவ விட்டு ஃபோன்ல காட்டினாரு, மூணு பிஸ்டன் தலை கரியா இருக்கு, மூணாவது மட்டும் பளபளன்னு அலுமினியம் தெரியுது. கம்ப்ரஷன் டெஸ்ட்ல (சிலிண்டர் காத்த எவ்வளவு பிரஷருக்கு அமுக்குதுன்னு பாக்கிறது) மத்ததெல்லாம் 175 பிஎஸ்ஐ பக்கம், மூணாவது 160. "பாத்தீங்களாம்மா, இத மட்டும் பாத்திருந்தா நானே நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பேன், பத்து பர்சென்ட்டுக்குள்ளதான் வித்தியாசம்"ன்னாரு. கடைசியா மூணாவது பிஸ்டன கம்ப்ரஷன் முடியற எடத்துல மேல நிறுத்தி, பிளக் ஓட்டை வழியா கம்ப்ரசர் காத்த விட்டாரு. ரேடியேட்டர் வாய்ல குபுகுபுன்னு குமிழி. அதுக்கு மேல எந்த சந்தேகமும் இல்ல, சிலிண்டருக்கும் தண்ணி ஓடற பாதைக்கும் நடுவுல வழி இருக்கு. அது கேஸ்கெட்டா, ஹெட் விரிசலான்னு கழட்டினாதான் தெரியும்னாரு.

டீசல் வண்டி வச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை, உங்களுக்கு ஈஜிஆர் கூலர் (எஞ்சினுக்குள்ள திரும்ப விடற புகைய கூலன்ட்டால ஆத்தற பார்ட்) ஓட்டையானாலும் இதே மாதிரி கூலன்ட் குறையும், வெள்ளைப் புகை வரும். ஹெட்ட தூக்கறதுக்கு முந்தி அத தனியா கழட்டி டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க.

ஹெட்ட கழட்டினப்ப மூணாவது சிலிண்டர் ஓரத்துல கேஸ்கெட் அரிச்சுப் போய் இருந்துச்சு. இங்க இருந்து நடந்ததுல கவனிக்க வேண்டியது சிலது இருக்கு, ஏன்னா அவசரப்பட்டு வெறும் கேஸ்கெட்ட மட்டும் மாத்தி மூடினா கொஞ்ச மாசத்துல திரும்ப வரும். ஹெட் மேல நேரான ஸ்டீல் பட்டைய வச்சு ஃபீலர் கேஜ் (சந்து அளக்கிற மெல்லிய தகடு) விட்டு பாத்தாரு, என் எஞ்சினுக்கு 0.05 மில்லிமீட்டர் கோணல் வரைக்கும்தான் விடலாம், இருந்தது 0.12. ஹைவேல ஹீட் ஆனதுல கோணிருக்கு. ஃபேசிங் போடணும் (மிஷின்ல சீவி சமமாக்கணும்), ஆனா அதுக்கு முந்தி ஹெட்ட சுடுதண்ணில முக்கி காத்து விட்டு விரிசல் இருக்கான்னு பாக்கச் சொன்னாரு. விரிசல் இருந்தா ஃபேசிங் காசு வீண், அதனால இந்த வரிசைய மாத்தாதீங்க. ரெண்டுக்கும் சேத்து 2,800 ஆச்சு. ஹெட் போல்ட் புதுசுதான் போடணும்னாரு, என் எஞ்சின்ல இருக்கிறது ஒருதடவ இறுக்கினா இழுபட்டு நீளுற வகை, பழசு அதே பிடி பிடிக்காது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கிற ஜேசி ரோட்டுல அலைஞ்சு கேஸ்கெட் செட் 4,200க்கும் போல்ட் 1,800க்கும் நானே வாங்கிட்டு வந்தேன். பிளாக் மேல ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்ட அவரு பிளாஸ்டிக் சுரண்டியால பொறுமையா எடுத்தாரு, கிரைண்டர்ல உப்புத்தாள் மாட்டி தேய்ச்சா அந்த தூள் ஆயில்ல கலந்து பேரிங்க தின்னுடுமாம். இறுக்கும்போது டார்க் ரெஞ்ச் (எவ்வளவு பலமா இறுக்கறோம்னு அளந்து காட்டற ஸ்பேனர்), அதுவும் ஒரே மூச்சுல இல்ல, நடுவுல இருந்து வெளிய, படிப்படியா, கடைசில டிகிரி கணக்கு. ஆயில், ஃபில்டர், கூலன்ட் 4,700, கூலி 11,000. டெஸ்ட்டுக்கு குடுத்தது போக, டோ சேத்து 28,000.

நடுவுல ஒருத்தர் 600 ரூபாய்க்கு ஒரு பாட்டில் திரவம் ஊத்தினா ஓட்டை தானா அடைஞ்சிடும்னாரு. அது ஓட்டைய மட்டும் தேடிப் போய் அடைக்காது, ஹீட்டர் குழாய், ரேடியேட்டர் குழாய் எல்லாத்தையும் சேத்து அடைக்க வாய்ப்பிருக்கு. ரோட்டோரத்துல மாட்டிகிட்டு வேற வழியே இல்லன்னா பாத்துக்கலாம், ஊருக்குள்ள இருக்கும்போது வேணாம். அதே மாதிரி போர் தண்ணிய ஊத்தி ஓட்டாதீங்க. பெங்களூர் போர் தண்ணில உப்பு ஜாஸ்தி, உள்ள பாறை மாதிரி படியும். இந்த ஊரு கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டருக்கு மேல இருக்கிறதால வெறும் தண்ணி 97 டிகிரி கிட்டயே கொதிக்க ஆரம்பிச்சிடும், மூடி வீக்கா இருந்தா எஞ்சினுக்கு தாங்கவே தாங்காது. காய்ச்சி வடிச்ச தண்ணியும் கூலன்ட்டும் பாதிப்பாதி, இல்லன்னா கலந்தே வர்றது, ரெண்டுல ஒண்ணு.

வேலை முடிஞ்சு வந்தப்புறம் அண்ணா சொன்னபடி ஆயிரம் கிலோமீட்டர்ல ஆயில இன்னொருதடவ மாத்தினேன், ஹெட்ட தூக்கும்போது எவ்வளவு பாத்தாலும் கொஞ்சம் கூலன்ட் கீழ ஆயில்ல இறங்கிடும், அது பேரிங்குக்கு நல்லதில்ல. ரொம்ப நாள் கூலன்ட் எரிஞ்ச வண்டில ஆக்ஸிஜன் சென்சாரும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் பாழாக வாய்ப்பிருக்கு, எனக்கு இதுவரைக்கும் கோடு எதுவும் வரல, ஆனா ஸ்கேன் பண்ணி பாத்துகிட்டே இருக்கேன். டேங்க்ல லெவல் நிக்கிற எடத்துல ஒரு டேப் ஒட்டியிருக்கேன், ஞாயித்துக்கிழம காலைல எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் பாக்குறேன், சூட்டுல பாத்தா லெவல் ஏறி இருக்கும், தப்பு கணக்கு ஆயிடும். டேப்ப விட்டு இன்னும் இறங்கல.

இன்னொண்ணு, வீட்டு பார்க்கிங்ல யாராவது கூலன்ட் மாத்தினா பழச தரைல ஊத்த விடாதீங்க. இனிப்பா இருக்கிறதால தெருநாய் நக்கிடும், கொஞ்சம் குடிச்சாலே கிட்னி போய் செத்துடும். ஒரு கேன்ல புடிச்சு இறுக்கி மூடி, பழைய ஆயில் எடுக்கிற வொர்க்ஷாப்புல கேட்டு குடுத்துடுங்க.